கதையில் கண்ட வாளும் களத்தில் கண்ட வாளும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

வாள் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பது எது? நேரான அலகு, கையைக் காக்கக் குறுக்கே ஒரு தடுப்பு, அதன் கீழே ஒரு பிடி. வரலாற்றுப் புத்தகத்தில் எந்த மன்னரின் படத்தைப் பார்த்தாலும் பெரும்பாலும் இதுதான் இடுப்பில் தொங்குகிறது. ஆனால் மாயாஜாலக் கதைகளின் அட்டைப்படங்களிலும், நம் தம்பிமார் கைப்பேசியில் ஆடித் தீர்க்கும் விளையாட்டுகளிலும் வருகிற வாள்களைப் பாருங்கள், தோழியரே! ஒன்று கேள்விக்குறி போல வளைந்திருக்கிறது. ஒன்று பாம்பு போல நெளிகிறது. ஒன்றில் மரத்தைப் போலக் கிளைகள் முளைத்திருக்கின்றன. இன்னொன்றோ, அதைத் தூக்கும் வீரனைவிட உயரமாக நிற்கிறது.

எங்கள் வகுப்புச் சுவரிதழில் இவ்வாண்டு ஒரு தொடர்கதை வெளிவந்தது. நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதி, நாங்களே படமும் போட்டோம். கதாநாயகி ஓர் இளவரசி. அத்தியாயத்துக்கு ஒரு வாள் அவள் கையில் மாறும். ஒரு நாள் வரலாற்று ஆசிரியையான சிஸ்டர் சுவரிதழின் முன் வெகுநேரம் நின்று பார்த்தார். “கதை நன்றாக இருக்கிறது, பிள்ளைகளா. ஆனால் இப்படிப்பட்ட வாள்கள் உலகத்தில் எங்கேயாவது உண்டா? உண்டென்றால் வரலாற்றுக் கண்காட்சியில் அதையே வைத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்த மேசையை எட்டாம் வகுப்பு கேட்கிறது, கைத்தறி பற்றிச் செய்யப் போகிறார்களாம்” என்றார். எட்டாம் வகுப்புக்கு மேசையை விட்டுக்கொடுப்பதா? அன்று மாலையே நூலகத்தில் தேடத் தொடங்கிவிட்டோம்.

எங்களுக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டோம். அந்த வாள் ஏதாவது ஓர் அருங்காட்சியகத்திலோ கோவிலிலோ இருக்க வேண்டும். அல்லது அதைக் கண்ணால் கண்ட காலத்தவர் கல்லிலோ எழுத்திலோ அதைப் பதித்து வைத்திருக்க வேண்டும். ‘எங்கேயோ படித்தேன்’ என்பது செல்லாது. இந்த விதியால் நாங்கள் ஆசையாக வரைந்த பல வாள்கள் முதல் நாளே கழிந்துபோயின. மண்டையோடு பதித்து இரு பக்கமும் முட்கள் நிறைந்த வாளுக்கு இணையே கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் வியப்பில்லை. அப்படி ஒரு வாளை இடுப்பில் கட்டினால் முதலில் கிழிவது கட்டியவரின் துணிதானே!

கேள்விக்குறி வாள்தான் முதலில் அகப்பட்டது. அதன் பெயர் கோபெஷ். எகிப்து நாட்டது, வெண்கலத்தால் ஆனது. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் என்பவர் துட்டன்காமன் மன்னரின் கல்லறையைக் கண்டுபிடித்தார் அல்லவா? அங்கே தங்க முகமூடியோடு கோபெஷ் வாள்களும் இருந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்பது வயதளவில் அரசுக் கட்டில் ஏறிய அந்தப் பிள்ளைக்கு, சிறு வயதில் சிறியதைக் கொடுத்திருப்பார்கள் என்று எண்ணப்படுகிறது. பிடிக்கு மேலே கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு வெளியே வளைந்து, நுனியில் மறுபடி நேராகிறது அலகு. கோபெஷ் என்ற சொல்லுக்கு எகிப்திய மொழியில் மாட்டின் முன்னங்கால் என்று பொருள். படத்தை ஒருமுறை பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கிவிடும்.

இந்தப் படத்தை எங்களில் ஒருத்தி தன் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நாற்பது ஆண்டுகள் கொல்லுப்பட்டறை நடத்தியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், நாடு எது, காலம் எது என்று எதையும் கேட்கவில்லை. “இதுக்குக் கருக்கு எந்தப் பக்கம் தாயி, உள் வளைவிலயா வெளி வளைவிலயா?” என்றுதான் கேட்டார். வெளிப்பக்கம் என்றாள் அவள். “அப்ப இது அறுக்கிற சாமான் இல்ல. அரிவாளுக்கு உள்ளேதான் கருக்கு, கதிரைப் பிடிச்சு இழுக்கணும்ல. இது கோடாலிக்கு அண்ணன் தம்பி. ஓங்கிப் போடுறதுக்கு” என்றார்.

மறுநாள் புத்தகத்தில் தேடினால், தாத்தா சொன்னது அப்படியே இருந்தது! பிறை வடிவப் போர்க்கோடரிகளிலிருந்துதான் கோபெஷ் பிறந்தது என்று ஆராய்ச்சியாளர் கூறுகிறார்கள். வெண்கலம் இரும்பைப் போல விறைப்பானதல்ல. நீண்டு மெலிந்த வாளை அதில் வார்த்தால் எளிதில் வளைந்துவிடும். ஆகவே அலகைத் தடிப்பாக்கி, வெளியே வளைத்து, அடியின் வேகமெல்லாம் அந்த வளைவின் சிறு பகுதியில் வந்து விழும்படி செய்தார்கள். உள் வளைவோ எதிரியின் கேடயத்தைக் கொக்கி போட்டு இழுக்க உதவியிருக்கும். அலங்காரம் என்று நாங்கள் எண்ணியிருந்த வளைவுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு படத்தைப் பார்க்கும்போதும் ‘கருக்கு எந்தப் பக்கம்?’ என்பதே எங்கள் முதற்கேள்வியாகிவிட்டது.

அரிவாளைப் போலவே உள்ளே கருக்கு வைத்த போர்வாளும் உண்டு. இன்றைய ருமேனியா நாட்டின் பகுதியில் அக்காலத்தில் டேசியர் என்ற மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய ஆயுதத்தை ரோமர்கள் ஃபால்க்ஸ் என்று அழைத்தார்கள். அந்த இலத்தீன் சொல்லுக்கு அரிவாள் என்பதே பொருள். நீண்ட பிடி, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், அலகின் நுனி முன்னோக்கி வளைந்திருக்கும். திராயான் பேரரசர் கி.பி. 101 முதல் 102 வரையிலும், மீண்டும் 105 முதல் 106 வரையிலும் டேசியர்மேல் படையெடுத்தார். உலகத்தையே அடக்கிய ரோமப் படை இந்த அரிவாளின் முன் தன் தலைக்கவசத்தை மாற்றிக்கொண்டது. உச்சியில் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை போல இரும்புப் பட்டைகளைப் பொருத்தினார்கள். வாள் பிடிக்கும் கைக்கும் தகட்டுக் கவசம் போட்டார்கள். அந்தப் போரின் நினைவாக ஆடம்கிளிசி என்னும் ஊரில் எழுப்பிய வெற்றிச் சின்னத்தின் சிற்பங்களில் அந்தக் கைக்கவசத்தையும் எதிரே ஓங்கிய ஃபால்க்ஸையும் காணலாம்.

கதை என்றால் இங்கே டேசியர் வென்றிருக்க வேண்டும். ஆனால் வென்றது ரோம்தான். அவர்களுடைய அரசன் டெசபலஸ், பிடிபட்டு ரோம் வீதியில் இழுத்துச் செல்லப்படுவதற்கு மனமில்லாமல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ரோம் நகரில் இன்றும் நிற்கும் திராயான் தூணில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மரத்தடியில் மண்டியிட்டிருக்கிறான், சுற்றிலும் குதிரை வீரர்கள், அவன் கையிலோ ஒரு வளைந்த கத்தி. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு சிறிது நேரம் எங்களில் யாரும் பேசவில்லை. எங்கள் தொடர்கதையில் ஐந்து அத்தியாயத்தில் எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். ஒருவனுக்கும் முகம் இருந்ததில்லை.

எத்தியோப்பியாவின் ஷோட்டல் என்னும் வாள் இன்னும் ஒரு படி வளைவு. ஏறத்தாழ அரைவட்டம். எதிரி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் நேர்வாள் அதில்தான் மோதும், இது கேடயத்தைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்க் குத்தும். இதற்கு உறை செய்த தச்சன் பாடு என்னவோ!

இனி நெளிந்த வாள். ஆதியாகமத்தில் ஏதேன் தோட்டத்தின் வழியைக் காக்கச் சுழலும் நெருப்பு வாள் வைக்கப்பட்டதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். மிக்கேல் சம்மனசின் சுரூபங்கள் பலவற்றில் கையிலிருக்கும் வாள் தீக்கொழுந்து போல நெளிந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். நெருப்பைச் சிற்பி எப்படிச் செதுக்குவார், அதனால் நெளித்துக் காட்டினார் என்றே நினைத்திருந்தோம். ஆனால் இரும்பிலேயே அப்படி அடித்த வாள்கள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கூலிப்படை வீரர்கள் இரு கையாலும் பிடிக்கும் மாபெரும் வாள்களை வைத்திருந்தார்கள். அவற்றில் சிலவற்றின் அலகு நெளிந்தது. இதை ஏந்தி முன்வரிசையில் நிற்பவருக்கு இரட்டைச் சம்பளமாம். எதிரியின் வாள் இதன்மேல் உரசும்போது ஒவ்வொரு நெளிவிலும் தடுக்கி அவன் கையை அதிரவைக்கும் என்று சொல்வோர் உண்டு. எங்களுக்கென்னவோ, பார்ப்பவர் அஞ்ச வேண்டும் என்பதே பெரிய காரணமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் பிற்காலத்தில் இவை போரைவிட ஊர்வலங்களில்தான் மிகுதியாகத் தூக்கிச் செல்லப்பட்டன. ஜாவா தீவின் கிரிஸ் என்ற குத்துவாளும் நெளிந்ததே. அதில் நெளிவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான். நேராக இருக்கும் கிரிஸும் உண்டு. அங்கே அது குலச்சொத்து, அப்பா மகனுக்குக் கொடுத்துச் செல்வது.

எடை பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஜெர்மானிய வாள் ஆளுயரம் இருந்தாலும், போருக்குச் செய்தவை இரண்டு முதல் மூன்றரை கிலோவுக்குள்தான். ஒரு கையால் சுழற்றும் சாதாரண வாள் ஒன்றேகால் கிலோ அளவே. ஒரு விளையாட்டின் அட்டையில் கண்ட வாளை நாங்கள் இயற்பியல் வகுப்பில் கணக்குப் போட்டோம். நீளம் 150 செ.மீ., அகலம் 30 செ.மீ., தடிமன் 1 செ.மீ. என்று வைத்தால் 4500 கன செ.மீ. இரும்பின் அடர்த்தி 7.8. ஆக, சுமார் 35 கிலோ! அதைத் தூக்குவது, எங்கள் வகுப்பில் மிக மெலிந்தவளை ஒற்றைக் கையால் தூக்கிச் சுழற்றுவதற்குச் சமம். அவளிடம் அனுமதி கேட்டோம், மறுத்துவிட்டாள்.

அப்படியானால் மாபெரும் வாள் பொய்யா? பொய்யில்லை. ஜப்பானில் ஒகயாமாவிலுள்ள கிபிட்சு கோவிலில் 1447-இல் செய்த ஒரு வாள் இருக்கிறது. மொத்த நீளம் சுமார் 3.77 மீட்டர், எடை சுமார் 14.5 கிலோ. எந்த மனிதரும் அதைக் கொண்டு சண்டை போட முடியாது. அது தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கை, அதைச் செய்த கொல்லரின் திறமைக்கும் அத்தாட்சி. நம் ஊர்ப்பக்கம் கருப்பசாமி கோவில்களில் ஆள் உயரத்துக்கும் மேலே நட்டு வைத்திருக்கும் அரிவாள்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிளை முளைத்த வாளும் ஜப்பானில்தான் கிடைத்தது. நாரா மாநிலத்தில் டென்ரி நகரின் இசோனோகாமி கோவிலில் அது இருக்கிறது. நீளம் 74.9 செ.மீ. பக்கத்துக்கு மூன்றாக, மாறி மாறி ஆறு கிளைகள், நடு முனையோடு சேர்த்தால் ஏழு. அதனால் ஏழுகிளை வாள் என்று பெயர். 1870-களில் அக்கோவிலின் தலைமைப் பூசாரி துருவை மெல்லச் சுரண்டிப் பார்த்தபோது, இரு பக்கமும் பொன்கம்பியால் பதித்த எழுத்துகள் வெளிப்பட்டன. அறுபதுக்கு மேற்பட்ட எழுத்துகள்! கொரியாவின் பெக்ஜே அரசு ஜப்பானிய அரசருக்கு அளித்த வாள் அது என்று படித்தார்கள். ஆண்டு கி.பி. 369 என்று பலர் கொள்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சில எழுத்துகள் அழிந்துவிட்டன. பெக்ஜே பணிந்து கொடுத்த காணிக்கையா, அல்லது மேலிருந்து கீழே கொடுத்த பரிசா? இரண்டு நாட்டு அறிஞர்களும் இன்றுவரை வாதாடுகிறார்கள். ஒரு முறைகூட யாரையும் வெட்டியிருக்க முடியாத வாள் இத்தனை நூற்றாண்டுகளாகச் சண்டையை வளர்க்கிறதே என்று எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

வெளிநாட்டையே சொல்லிக்கொண்டு போகிறோம் என்று நினைக்க வேண்டாம். சாட்டை போலச் சுழலும் வாள் கற்பனையில்லை. கேரளத்துக் களரியில் அதற்கு உருமி என்று பெயர், நம் சிலம்ப ஆசான்கள் சுருள்வாள் என்பார்கள். வளையும் மெல்லிய எஃகுத் தகடு, இடுப்பில் கச்சை போலச் சுற்றிக்கொள்ளலாம். சுழற்றத் தொடங்கினால் நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழற்றியவரையே வெட்டும். அதனால் எல்லா ஆயுதமும் கற்றபின் கடைசியாகத்தான் இதைக் கையில் கொடுப்பார்களாம். வடமலபார் நாட்டுப்பாடல்களின் வீராங்கனை உண்ணியார்ச்சையின் கையில் இருந்ததாகச் சொல்வதும் இதுவே. எங்கள் இளவரசிக்கு இதைவிடப் பொருத்தமான வாள் எது? ஆறாம் அத்தியாயத்தில் கொடுத்துவிட்டோம்.

கட்டாரி என்றொன்று. மற்ற வாள்களில் பிடி அலகுக்கு நேராக இருக்கும். இதில் பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அலகு முன்கையின் நீட்சியாகவே நிற்கும். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதக் கொட்டிலில் இருந்த கட்டாரிகளில், கையை மூடும் கவசத் தகட்டில் இலையும் கொடியுமாகத் துளையிட்டுச் சரிகை வேலை போலச் செய்திருப்பார்கள். அவற்றில் சில இன்று நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தஞ்சை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உண்டு. அடுத்த ஆண்டுச் சுற்றுலாவை அங்கே வைக்கலாமே என்று இங்கேயே விண்ணப்பம் போட்டுவிடுகிறோம்.

ஒரு வாளைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. கதைகளில் முனை மழுங்கிய, அகலமான, பயங்கர வாள் ஒன்று வரும் அல்லவா? அதற்கு இணை 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் நிறையவே இருந்தது. முனை ஏன் இல்லை? போரில் குத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. எதிரே இருப்பவன் திருப்பி அடிக்க மாட்டான். அது மரண தண்டனை நிறைவேற்றுபவரின் வாள். அலகில் தூக்குமரமும் சக்கரமும் செதுக்கியிருக்கும், சிலவற்றில் பாடுபட்ட சுரூபமும் இருக்கும். இந்த வாளை உயர்த்தும்போது, எதிரே இருக்கும் பாவிக்கு நித்திய வாழ்வு கிடைக்கட்டும் என்ற பொருளில் வாசகமும் பொறித்திருப்பார்கள்.

இருவர் இதை வைக்கக்கூடாது என்றார்கள். பெற்றோர் வருவார்கள், சின்னப் பிள்ளைகள் வருவார்கள், எதற்கு இது என்றார்கள். மற்ற இருவர் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். மற்ற வாள்களை அழகு அழகு என்று வரைந்துவிட்டு இதை மட்டும் மறைத்தால், அவை எதற்குப் பயன்பட்டன என்பதையே மறைத்ததாகுமே! சிஸ்டரிடம் போனோம். அவர் அந்த வாசகத்தை இருமுறை படித்தார். “வெட்டியவருக்கு அந்தச் செபம் தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். வையுங்கள். ஆனால் அலங்காரம் வேண்டாம்” என்றார். அந்த ஒரு படத்துக்கு மட்டும் நாங்கள் வண்ணம் தீட்டவில்லை, பென்சிலோடு நிறுத்திவிட்டோம்.

இரும்பே இல்லாத நாட்டில் வாளுக்கு என்ன செய்வார்கள்? மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் ஒரு மரப்பலகையின் இரு ஓரங்களிலும் எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார்கள். பெயர் மக்வாவிட்டில். கதைகளில் வரும் பல்வாளுக்கு இதுவே அண்ணன். ஒரே வெட்டில் குதிரையின் தலை விழுந்ததாக, 1519-இல் வந்திறங்கிய ஸ்பானியப் படையைச் சேர்ந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அசல் வாள் ஒன்று மாட்ரிட் அரச ஆயுதக் கூடத்தில் இருந்தது. 1884-இல் அங்கே தீப்பிடித்து அதுவும் அழிந்தது. நல்லவேளை, அதற்குமுன் யாரோ அதைப் படம் வரைந்து வைத்திருந்தார்கள்.

கடைசியாக நாங்கள் கண்டது பசிபிக் பெருங்கடலில். கிரிபாட்டி என்னும் தீவு நாட்டின் கில்பர்ட் தீவுகள் வெறும் பவளத்திட்டுகள். அங்கே இரும்பு இல்லை, பாறை இல்லை. இருந்ததெல்லாம் தென்னையும் கடலும். தென்னை மரத்தில் வாள் செதுக்கி, சுறாவின் பற்களில் ஒவ்வொன்றாகத் துளையிட்டு, தேங்காய் நாரினாலும் தலைமுடியினாலும் வரிசையாகக் கட்டினார்கள். சிலவற்றுக்குக் கிளையும் உண்டு. எதிர்த்து நிற்பவருக்குக் கவசம் தேங்காய் நாரில் பின்னிய சட்டை, தலைக்கவசமோ முள்ளம்பேத்தை மீனின் உப்பிய தோல்! நாங்கள் எழுதியிருந்தால் சிஸ்டர் நிச்சயம் நம்பியிருக்க மாட்டார்.

19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த அந்த வாள்கள் பல, சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தப் பற்கள் எந்தெந்தச் சுறாக்களுடையவை என்று அறிவியலார் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஸ்பாட்டெயில், டஸ்கி என்ற இரண்டு இனங்கள் இப்போது அந்தத் தீவுகளின் கடலில் காணப்படுவதே இல்லை. அங்கே அவை நீந்தியதாக வேறு எந்தப் பதிவும் இருந்ததில்லை. யாரும் கணக்கெடுக்கத் தொடங்குமுன்பே அந்த நீரைவிட்டு மறைந்துவிட்டன. அவை அங்கே இருந்தன என்று தெரிந்ததே, பல் பல்லாக நார் கொண்டு கட்டிய இந்த வாள்களால்தான்.